மீனவர் கிராமத்தைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேராக் மாநிலத்துப் பாகான் செராய் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கேமரா வைத்திருக்கும் பிள்ளைகள் இப்போது நிறைய. கோயில் திருவிழா, கல்யாணம், பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாம் எடுத்துப் பழகியவர்கள். அடுத்த கட்டமாக ஒரே இடத்தை நீண்ட நாள் எடுக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அரை மணி, ஒரு மணி நேரத்தில் எட்டும் கடற்கரை இருக்கிறது. அதை எடுக்கப் போகிறவர்களுக்கான பதில்கள் இவை.

எந்த ஊருக்குப் போவது?

செம்பனையையும் நெல்வயலையும் தாண்டி மேற்கே போனால் கடைசியில் சேறும் கண்டல் காடும்தான். கோலா குராவ் பெரிய மீன்பிடி ஊர். ஜெட்டி, ஐஸ், லாரி, தௌக்கே என்ற மீன் முதலாளி எல்லாம் அங்கே உண்டு. கோலா கூலா சிறியது, பறவைகளால் பெயர் பெற்றது. தெற்கே கோலா செப்பெத்தாங், பழைய பெயர் போர்ட் வெல்ட். 1885இல் மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து இங்கேதான் வந்து நின்றது. அங்கிருந்து படகில் ஆற்றோடு போனால் கழிமுகத்தில் கோலா சங்கா. சாலை கிடையாது. தண்ணீருக்கு மேல் கால் நட்டுக் கட்டிய சீன மீனவர் வீடுகள்தான் ஊர்.

எல்லாருக்கும் முதலில் கோலா சங்காமேல்தான் ஆசை வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் படகு பேச வேண்டும், திரும்பும் நேரம் நம் கையில் இல்லை. முதல் இரண்டு மூன்று மாதம் மோட்டார் சைக்கிளிலேயே போய் வரக்கூடிய ஜெட்டியில் பழகுங்கள். அங்கே மீன் இறக்க வருபவர்களில் யாராவது கோலா சங்காக்காரராக இருப்பார். அவர் படகில் அவர் விருந்தாளியாகப் போவது, காசு கொடுத்துச் சுற்றுலாப் படகில் போவதைவிட நூறு மடங்கு நல்லது.

எத்தனை படம் வேண்டும்? எவ்வளவு நாள் ஆகும்?

முடிவில் நிற்க வேண்டியது 20 முதல் 24 படம். அதற்கு இரண்டாயிரம் எடுத்திருப்பீர்கள். காலம் ஓராண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம், சீனப் புத்தாண்டுக்குப் படகுகள் கட்டிக் கிடக்கும் வாரம், பசித்த ஆவிகள் மாதத்துப் பூசை, பள்ளி விடுமுறை எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஆறு மாதத்துக்குக் குறைந்தால் அது பயணக் குறிப்பாகத்தான் முடியும்.

‘மீனவர் வாழ்க்கை’ என்று தலைப்பு வைத்தால் போதாதா?

போதாது. அந்தத் தலைப்போடு போகிறவர்கள் எல்லாருமே ஒரே படங்களோடுதான் திரும்புகிறார்கள்: செக்கச் சிவந்த வானம், வலை வீசும் கறுப்பு உருவம், சுருக்கம் விழுந்த கிழவர் முகம், பல் தெரியச் சிரிக்கும் பிள்ளை. எந்த நாட்டு மீனவர் என்றுகூடச் சொல்ல முடியாது.

ஒரே வரியில் எழுதக்கூடிய ஒரு கேள்வி வேண்டும். அதற்குப் பதிலைப் படத்தால் சொல்ல முடிய வேண்டும். மூன்று மாதிரிகள் தருகிறோம்.

முதலாவது: மீன் எப்படித் தோட்டத்துக்கு வருகிறது? இருட்டில் ஜெட்டியில் இறங்குகிறது, தரம் பிரிக்கப்படுகிறது, ஐஸ் போடப்படுகிறது, மொத்த வியாபாரி கைக்குப் போகிறது. அங்கிருந்து மோட்டாரில் பின்னால் பெட்டி கட்டி ஹாரன் அடித்துக்கொண்டு லயத்துக்கு வரும் மீன்காரர். அப்புறம் சமையற்கட்டு, சட்டி, குழம்பு. ஒரு ராத்திரிக்கும் காலைப் பசியாறலுக்கும் நடுவில் முடிந்துவிடும் பயணம் இது. வெளியூரிலிருந்து வரும் படக்காரர்களுக்கு ஜெட்டிப் பாதி கிடைக்கும், லயத்துப் பாதி கிடைக்காது. உங்களுக்கு இரண்டாம் பாதியின் கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. எங்களைக் கேட்டால் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எடுக்க வேண்டிய முதல் திட்டம் இதுதான்.

இரண்டாவது: இந்தப் படகை அடுத்து யார் ஓட்டப்போகிறார்? பிள்ளைகள் பினாங்குத் தொழிற்சாலைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட வீடுகள் தோட்டத்தில் மட்டுமா இருக்கின்றன? பூட்டிய வீடு, விற்பனைக்கு நிற்கும் எஞ்சின், அப்பாவும் அயல்நாட்டுத் தொழிலாளியும் மட்டும் போகும் படகு என்று படங்கள் தானாக வரிசைப்படும்.

மூன்றாவது கொஞ்சம் கடினம்: காட்டுக்கும் மீனுக்கும் என்ன தொடர்பு? மாத்தாங் கண்டல் காடு ஏறக்குறைய 40,000 ஹெக்டர், 1902 முதல் காட்டு இலாகாவின் பராமரிப்பில் இருக்கிறது. ஒரு பகுதியை வெட்டினால் மறுபடி வெட்ட 30 ஆண்டு காத்திருக்க வேண்டும். நடுவில் 15ஆம் ஆண்டிலும் 20ஆம் ஆண்டிலும் மரங்களைக் கலைத்துக் கம்பு எடுப்பார்கள். முதிர்ந்த மரம் கோலா செப்பெத்தாங் கரிச் சூளைக்குப் போகிறது. அதே வேர்களுக்கு நடுவில்தான் இறாலும் நண்டும் மீன் குஞ்சும் வளர்கின்றன. காட்டுக்குள் போய் எடுக்க வேண்டுமென்றால் காட்டு இலாகா அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

கேள்வியை ஒரு அட்டையில் எழுதி கேமராப் பைக்குள் வையுங்கள். மூன்றாவது பயணம் முடிந்ததும் எடுத்த படங்களை அட்டையோடு ஒப்பிடுங்கள். பாதிப் படங்கள் கேள்வியைத் தொடவே இல்லை என்றால் பெரும்பாலும் மாற்ற வேண்டியது கேள்வியைத்தான்.

முதல் நாளே கேமராவோடு போகலாமா?

கொண்டு போங்கள், ஆனால் பைக்குள் இருக்கட்டும். ஒளித்துக்கொண்டு போய்ப் பிறகு எடுத்தால் ஏமாற்றியதுபோல் ஆகிவிடும். கோப்பிக்கடையில் உட்காருங்கள், எதற்கு வந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். மலாய்க் கம்பமாக இருந்தால் கம்பத்துத் தலைவரையும், சீன கிராமமாக இருந்தால் கிராமக் குழுக்காரரையோ கோயில் குழுக்காரரையோ பாருங்கள். வட்டார மீனவர் சங்கத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இத்தனை பேரும் சரி என்றாலும், படகுக்காரர் ‘வேண்டாம்’ என்றால் அந்தப் படகில் வேண்டாம்தான். தலைவர் கொடுத்தது ஊருக்குள் நடக்கும் அனுமதி மட்டும். முகத்தைப் படமெடுக்க அந்தந்த ஆளிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

எழுத்தில் கையெழுத்து வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முதல் சந்திப்பில் தாளை நீட்டினால் அரசாங்க ஆள் என்று நினைத்து ஒதுங்கிவிடுவார்கள். வாயால் சம்மதம் கேட்டு, அதைக் கைப்பேசியில் குரலாகப் பதிந்து வைத்தால் போதும். கண்காட்சிக்கோ அச்சுக்கோ போகும் 24 படங்களுக்கு மட்டும், அச்சிட்ட படத்தைக் கையில் காட்டி அப்போது எழுத்தில் வாங்குங்கள். எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது கண்ணெதிரே இருக்கும்.

எங்களுக்குத் தியோச்சியூ, ஹொக்கியன் போன்ற சீன மொழி எதுவும் தெரியாதே?

பசார் மலாய் போதும். சீனப் பெரியவர்களை ‘அங்கிள்’, ‘ஆண்டி’. மலாய்க்காரர்களை வயதுக்கு ஏற்ப ‘அபாங்’, ‘பாக் சிக்’, ‘மக் சிக்’. பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். தோட்டத்தில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்களா என்ன?

கடலுக்குப் போகும் நேரம் ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது?

கடிகாரத்தைப் பார்த்து அல்ல, தண்ணீரைப் பார்த்துப் போகிறார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் போய், காலி ஜெட்டியை எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

இந்தக் கரையில் நாளுக்கு இருமுறை தண்ணீர் ஏறும், இருமுறை இறங்கும். ஏறி முடிப்பதற்கும் இறங்கி முடிப்பதற்கும் இடையே ஆறு மணிக்குச் சற்றுக் கூடுதல். அடுத்த நாள் அதே நிலை சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் ஏற்றமும் வற்றமும் மிகப் பெரிது. உயர வேறுபாடு இரண்டு மீட்டரைத் தாண்டும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் வேறுபாடு குறைவு, நீரோட்டமும் மெல்லிசு. வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே இதற்குப் போதும். மணிக்கணக்கு வேண்டுமென்றால் அச்சிட்ட ஏற்றவற்ற அட்டவணையில் லூமுட் அல்லது பினாங்கு நேரத்தைப் பாருங்கள். அது துறைமுக நேரம். ஆற்றுக்குள் இருக்கும் ஜெட்டிக்குத் தண்ணீர் பிந்தித்தான் வந்து சேரும். எவ்வளவு பிந்தும் என்பதை ஒரு நாள் உட்கார்ந்து, ஜெட்டிக் காலில் தண்ணீர் நிற்கும் இடத்தை அரைமணிக்கு ஒருமுறை குறித்தால் தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு உள்ளவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஏழு நாளில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் தள்ளிப்போகும். அதாவது இந்த ஞாயிறு காலை 7 மணிக்குத் தண்ணீர் நிறைந்திருந்தால், அடுத்த ஞாயிறு 7 மணிக்குச் சேறு தெரியும். பதினான்காம் நாள் ஏறக்குறையப் பழைய நிலை திரும்பிவிடும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு என்று முறை வைத்தால், இரண்டு மாதம் போனாலும் காலையில் ஏறக்குறைய ஒரே தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள். நிறைந்த தண்ணீரில் மட்டும் எடுத்த ஊர், வீட்டுக்கடியில் இருக்கும் சேற்றையும் சரிந்த கால்களையும் குப்பையையும் காட்டாது. மாதம் இரண்டு பயணம் என்றால் அடுத்தடுத்த ஞாயிறுகளாகப் போங்கள்.

வெள்ளிக்கிழமை மலாய் மீனவர்கள் பலர் கடலுக்குப் போவதில்லை. வலை தைப்பதை எடுக்க அதுவே நல்ல நாள்.

படகில் ஏறும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பாதுகாப்பு அங்கியை நீங்களே வாங்கிக் கொண்டு போங்கள். படகில் இருக்கும் என்று நம்பாதீர்கள். கரையில் ஒருவரிடம் எந்தப் படகு, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டு ஏறுங்கள். கழிமுகத்தில் தண்ணீர் இறங்கிவிட்டால் படகு சேற்றில் உட்கார்ந்து, மறுபடி ஏறும்வரை காத்திருக்க நேரும். குடிதண்ணீரும் ரொட்டியும் கூடுதலாக வேண்டும்.

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியலுக்கு முன்னும் காலையிலும் சுமத்ரா காற்று திடீரென்று அடிக்கும். மேற்கே கறுப்பாக ஒரு கோடு, பிறகு குளிர்ந்த காற்று, அப்புறம் மழை. முந்தின இரவே வானிலைத் துறையின் மைச்சுவாச்சா செயலியைப் பார்த்துவிடுங்கள். கடலில் முடிவு படகோட்டியுடையது. ‘இன்னும் ஒரு படம்’ என்று கேட்கக் கூடாது.

வலை இழுக்கும்போது எங்கே நிற்பது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சுருட்டிக் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்கவே வேண்டாம். வலை இறங்கும் வேகத்தில் கயிறு காலைச் சுற்றினால் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கேமராக் கண்ணாடி வழியாகப் பார்ப்பவருக்குக் கால் தெரியாது, அதுதான் ஆபத்து.

காலுக்கு, பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதாவது ‘கம்போங் அடிடாஸ்’, எல்லாவற்றையும்விட நன்றாகப் பிடிக்கும். மரப்பாலத்தில் நடக்கும்போது ஆணி வரிசையாகத் தெரியும் இடத்தில் மிதியுங்கள். அங்கேதான் கீழே சட்டம் இருக்கிறது. இரண்டு ஆணி வரிசைக்கு நடுவில் பலகை உளுத்திருக்கலாம்.

என்ன கேமரா வாங்க வேண்டும்?

இருப்பது போதும். கைப்பேசியில்கூட முழுத் திட்டமும் முடிக்கலாம், இருட்டு ஜெட்டியில் மட்டும் தவிப்பீர்கள். கேமரா என்றால் ஒரு உடல், 35 மி.மீ. கோணத்துக்கு நிகரான ஒரு லென்ஸ். இரண்டாவது வேண்டுமென்றால் 85ஐ ஒட்டியது. 70–300 போன்ற நீண்ட ஜூமை வீட்டிலேயே விடுங்கள். தூரத்திலிருந்து எடுக்கும் பழக்கத்தைத்தான் அது வளர்க்கும்.

உப்புக்காற்றில் கேமரா கெட்டுப்போகாமல் எப்படிக் காப்பது?

கெடுப்பவை மூன்று: உப்பு, வெப்பநிலை மாற்றம், பூஞ்சை.

கடல் துளி காய்ந்தால் உப்புப் பொடியாகிவிடும். அதை உலர்ந்த துணியால் துடைத்தால் மணல்தாள் போட்டதுபோல் கண்ணாடியில் கோடு விழும். முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் உடலையும் லென்ஸின் வெளிப்பகுதியையும் துடையுங்கள், கடைசியில் உலர்ந்த துணி. லென்ஸுக்கு முன்னால் ஒரு யூவி ஃபில்டர் மாட்டி வைத்தால் தேய்வது அதுதான். படகில் லென்ஸ் மாற்ற வேண்டாம். தோல் வார் பூஞ்சை பிடிக்கும், மீன் வாடையும் போகாது. நைலான் வார் போடுங்கள். பத்து லிட்டர் நீர்புகாப் பை ஒன்று போதும்.

ஏர்கான் காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும், சில நேரம் உள்ளேயும். பையை மூடியபடியே வெளிக்காற்றில் 20, 30 நிமிடம் வைத்து, அதன்பின் திறங்கள். விடியற்காலையில் எடுக்க வேண்டுமென்றால் காரில் ஏர்கானைப் போடாமலே போவது எளிது. மோட்டாரில் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

பூஞ்சைக்கு மருந்து காய்ந்த பெட்டி. மின்சாரப் பெட்டி வாங்க முடியாவிட்டால், காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரமானியும் போடுங்கள். 40 முதல் 50 விழுக்காடு இருக்க வேண்டும். 30க்குக் கீழே இறங்கினால் ரப்பர் பாகங்களுக்கு நல்லதல்ல. ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், சட்டியில் மெல்லச் சூடாக்கினால் பழைய நிறம் திரும்பும்.

கடலில் விழுந்துவிட்டால் பேட்டரியை உடனே கழற்றுங்கள். ‘வேலை செய்கிறதா’ என்று பார்க்க ஆன் செய்வதுதான் அதைக் கொல்லும். உப்புத் தண்ணீர் உள்ளே போன கேமரா பெரும்பாலும் பிழைக்காது, ஆனால் மெமரி கார்டு பிழைக்கும். நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, அப்புறம் கணினியில் போடுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை.

ஷட்டர், ஐஎஸ்ஓ எவ்வளவு வைப்பது?

ஓடும் படகில் ஷட்டரை 1/250 வினாடியைவிட மெதுவாக வைக்காதீர்கள். டீசல் எஞ்சின் அதிர்வு பலகை வழியாக ஏறிவரும். சுவரில் சாயாமல், முழங்கையை விளிம்பில் ஊன்றாமல், முழங்காலைச் சற்று மடித்து நின்றால் உடலே அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். வலை இழுப்பது, மீன் கொட்டுவது 1/500. வீட்டுக்குள் 1/60 போதும். விடியலுக்கு முன் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, 3200, 6400 என்று ஏற்றத் தயங்காதீர்கள். மங்கிய படத்தைவிடப் புள்ளி விழுந்த படம் மேல். நம் ஊரில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழும், ஜெட்டி வேலையில் பாதி அதற்குள் முடிந்திருக்கும்.

ஜெட்டிக் கொட்டகையில் எல்இடி விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் வரும். இயந்திர ஷட்டருக்கு மாற்றி 1/50 அல்லது 1/100 வையுங்கள். பகலில் தகரக் கூரையும் தண்ணீரும் பளபளத்து ஒளியளவியை ஏமாற்றும். அங்கே முகத்துக்கு அளந்துவிட்டு, வெள்ளையான இடங்கள் விவரமே இல்லாமல் வெளிறிவிட்டனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீல கேன்வாஸுக்குக் கீழே நிற்கும் ஆள் நீலமாகத்தான் வருவார், ரா என்ற மூலக் கோப்பில் எடுத்தாலும் தோல் நிறத்தை முழுதாக மீட்க முடியாது. ‘அங்கிள், கொஞ்சம் இப்படி வாங்க’ என்று கேட்பதைவிட, அவர் வேலையாக விளிம்புக்கு வரும்வரை காத்திருங்கள்.

ஃப்ளாஷ் வேண்டாம். ராத்திரி வேலை செய்கிறவர் கண் கூசினால் கத்தி விரலில் படும்.

என்னென்ன எடுக்க வேண்டும் என்று பட்டியல் உண்டா?

1930களில் அமெரிக்காவின் கிராமப்புறத்தைப் படமெடுக்கும் அரசாங்கத் திட்டத்தை நடத்திய ராய் ஸ்ட்ரைக்கர், தன் படக்காரர்களுக்குப் பட்டியல் எழுதி அனுப்புவார். பட்டியல் நல்லதுதான், ஆனால் அதை வீட்டில் எழுதுங்கள், ஜெட்டியில் பார்க்காதீர்கள்.

எல்லாரும் விட்டுவிடுவது கடலுக்குப் போகாதவர்களை. இறால் உரிக்கும் பெண்கள், கணக்கு எழுதும் தௌக்கே வீட்டு மருமகள், பெலாச்சானுக்குக் கூனி இறாலைக் காயப்போடும் பாட்டி, ஐஸ் உடைப்பவர், எஞ்சின் பழுது பார்ப்பவர். படகில் ஆறு மணி நேரம் எடுத்தால் கரையில் பன்னிரண்டு மணி நேரம் எடுக்க வேண்டும். அப்புறம் ஆள் இல்லாத படங்கள்: வலையில் எந்த இடத்தில் எந்த நிற நூலால் ஒட்டுப்போட்டிருக்கிறது, பூசை மாடத்தில் என்ன இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி எங்கே நிற்கிறது. வரிசைப்படுத்தும்போது இவைதான் ஒரு முகத்துக்கும் அடுத்த முகத்துக்கும் நடுவில் மூச்சு விட இடம் தரும்.

யாரைக் காட்டக் கூடாது?

படகில் வேலை செய்யும் அயல்நாட்டுத் தொழிலாளிகளிடம் பர்மிட் இருக்கிறதா என்று நீங்கள் விசாரிக்க வேண்டாம். ஆனால் முகம் தெரியும் படம் அவர்களுக்குக் கேடாகலாம் என்பதை மறக்காதீர்கள். முதலாளி சரி சொன்னால் போதாது, அவரிடமே, முதலாளி இல்லாத நேரத்தில் கேட்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் கை, முதுகு, நிழல். கைகளை மட்டும் வைத்து நல்ல படம் வராது என்பவர்கள் இறால் தரம் பிரிக்கும் கைகளைப் பார்த்ததில்லை.

படகின் பக்கத்தில் உரிம எண்ணும் மண்டல எழுத்தும் பெரிதாக எழுதியிருக்கும். கரையோரம் சிறு வலைக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டது; எந்தப் படகு எங்கே எந்த வலையோடு நின்றது என்பது சிலருக்குச் சண்டைக்கான சாட்சியாகிவிடும். எண் தெரியும் படத்தோடு இடத்தையும் நாளையும் எழுதி இணையத்தில் போடாதீர்கள். கைப்பேசிப் படத்தில் இடக்குறிப்பு தானாகப் பதியும், அதை அணைத்துவிடுங்கள்.

பிள்ளைகளைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வேண்டாம், குளிக்கும்போது எந்தச் சம்மதத்தோடும் வேண்டாம்.

காசு கேட்டால் கொடுக்கலாமா?

படகுக்கு எண்ணெய்ச் செலவைக் கொடுங்கள், மீன் வாங்கினால் கேட்ட விலையைக் கொடுங்கள். முகத்துக்கு வெள்ளி கொடுக்க ஆரம்பித்தால் அடுத்த வாரம் உங்களுக்காக வலை வீசிக் காட்டுவார்கள். காசுக்குப் பதில் படம் கொடுங்கள். ஒவ்வொரு பயணத்திலும் சென்ற முறை எடுத்தவற்றை 4ஆர் (4க்கு 6 அங்குல) அளவில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு போய்க் கையில் கொடுங்கள். உறை இல்லாவிட்டால் அந்த ஈரத்தில் ஒரு மாதத்தில் ஒட்டிக்கொள்ளும். பெரியவர்கள் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, நல்ல சட்டை போட்டு ஒரு படம் கேட்பார்கள். திட்டத்துக்கு உதவாது என்று தட்டிக் கழிக்காமல், கவனமாக எடுத்து 8ஆர் அளவில் கொடுங்கள்.

குறிப்பு எழுத வேண்டுமா?

அன்றிரவே. ஆள், வேலை, இடம், நாள், நேரம், தண்ணீர் ஏறியதா இறங்கியதா. சீனப் பெயரைக் காதால் கேட்டு எழுதினால் நிச்சயம் தப்பாகும். நோட்டுப் புத்தகத்தை நீட்டி அவரையே எழுதச் சொல்லுங்கள், எழுதத் தெரியாதவர் என்றால் பேரப்பிள்ளை எழுதும். மீன் பெயரை அவர்கள் சொல்லும் பெயரிலேயே குறித்துவிட்டு, தமிழ்ப் பெயரை அம்மாவிடம் படம் காட்டிக் கேளுங்கள்.

கோப்புகளை எப்படி வைப்பது?

மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு வீட்டில். கார்டை அழிப்பதற்கு முன் இரண்டு பிரதி வந்துவிட்டதா என்று திறந்து பாருங்கள். கோப்புறைப் பெயர் ஆண்டு-மாதம்-நாள்-ஊர் என்று இருந்தால் தானாக வரிசைப்படும்.

இரண்டாயிரத்திலிருந்து 24ஐ எப்படிப் பொறுக்குவது?

எடுத்த வாரத்தில் பொறுக்காதீர்கள். எடுக்கப் பட்ட பாடு மனதில் நிற்கும்வரை மோசமான படமும் நல்லதாகத் தெரியும். மாதம் ஒருமுறை உட்கார்ந்து, கண்ணில் நிற்பவற்றை மட்டும் குறியுங்கள். இருநூறு சேர்ந்ததும் எல்லாவற்றையும் 4ஆர் அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பதற்கும் தரையில் ஒன்றாகப் பார்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஒரே செய்தியைச் சொல்லும் படங்களை அடுக்கி, மேலே ஒன்றை மட்டும் வையுங்கள். அறுபதாகும். பிறகு ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நீங்கள் அழகு என்று வைத்திருக்கும் படத்தைப் பார்த்து, ‘வலையை இப்படி யாரும் பிடிக்க மாட்டார்களே’ என்பார். அது உங்கள் கேமராவுக்காகப் பிடித்தது. எடுத்துவிடுங்கள்.

வரிசையைப் பெரும்பாலும் நேரமே சொல்லிவிடும். மீனின் பயணத்தை எடுத்திருந்தால் ராத்திரியில் தொடங்கிச் சட்டியில் முடியும். அழுத்தமான படத்தை முதலில் வைக்க வேண்டாம். நான்காவதோ ஐந்தாவதோ வைத்தால் பார்க்கிறவர் கண் அதற்குள் பழகியிருக்கும்.

எங்கே காட்சிக்கு வைப்பது?

முதலில் அந்த ஊரில். ஜெட்டிக் கொட்டகையோ சீனக் கோயில் முன்வாசலோ போதும். பிறகு நம் பக்கம் தமிழ்ப்பள்ளி மண்டபம், கோயில் மண்டபம், பொது மண்டபம். 12க்கு 18 அங்குலம் நல்ல அளவு. 300 புள்ளி அடர்த்திக்கு 3600க்கு 5400 பிக்சல் வேண்டும், 12 மெகாபிக்சல் கேமரா என்றால் 240 அடர்த்தியில் அச்சிட்டாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சாதாரண ஃபோம் அட்டை கடலோர ஈரத்தில் வளைந்துவிடும். 3 மி.மீ. பிவிசி பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். பளபளப்பு லேமினேஷன் வேண்டாம், மண்டபத்து டியூப்லைட் அதில் கோடாக நிற்கும், மேட் போடுங்கள். குறிப்புகள் தமிழிலும் மலாயிலும், முடிந்தால் சீனத்திலும்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

விமானப் போக்குவரத்து ஆணையமான காம் விதிகளையும், வான்வழிப் படத்துக்கு நில அளவை, வரைபடத் துறையான ஜூப்பெம் தரும் அனுமதியையும் முதலில் பாருங்கள். கோலா கூலா பக்கம் கொக்குகளும் நாரைகளும் தங்கும் இடங்களுக்குமேல் அனுமதி இருந்தாலும் வேண்டாம். திட்டத்துக்கு ஒரே ஒரு மேல்பார்வைப் படம் தேவைப்படலாம். அதற்கு ஐஸ் ஆலை மாடியில் ஏற அனுமதி கேட்பது எளிது.

சம்மதித்தவர் பிறகு ‘எடுத்துவிடு’ என்றால்?

எடுத்துவிடுங்கள். 1971 முதல் 1974 வரை ஜப்பானில் மினமாத்தா என்ற கடலோர ஊரில், பாதரசக் கழிவு கலந்த மீனால் உடல் பாதிக்கப்பட்டவர்களைப் படமெடுத்தவர்கள் டபிள்யூ. யூஜின் ஸ்மித்தும் ஐலீன் ஸ்மித்தும். தாய் மகளைக் குளிப்பாட்டும் படம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது, நியாயம் கிடைக்க உதவியது. மகள் இறந்து ஆண்டுகள் கழித்தும் அது அச்சாகிக்கொண்டே இருந்தது பெற்றோருக்குப் பாரமாயிற்று. 1998இல் ஐலீன் அந்தப் படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையைப் பெற்றோருக்கே கொடுத்து, இனி வெளியிடுவதில்லை என்று நிறுத்திவிட்டார். அவ்வளவு பெரிய படத்தையே நிறுத்த முடிந்தது என்றால், உங்கள் முகநூல் பக்கத்திலிருந்து ஒரு படத்தை எடுப்பதற்கு எதற்கு வாதம்? நடைமுறையில், எந்தப் படம் எங்கெங்கே போனது என்று ஒரு பட்டியல் வைத்திருந்தால்தான் கேட்டபோது எல்லா இடத்திலிருந்தும் எடுக்க முடியும்.

போட்டிக்கு அனுப்பலாமா?

ஊர்க்காரரிடம் சொல்லிவிட்டு அனுப்புங்கள். விதிமுறையில் ‘எல்லா உரிமையும் ஏற்பாட்டாளருக்கே’ என்று இருந்தால், தோற்ற படத்தையும் அவர்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்றுதான் பொருள். வெற்றி பெற்ற படத்தை மட்டும், போட்டிச் செய்திக்கு மட்டும் என்று எழுதியிருக்கும் போட்டியைத் தேடுங்கள். படத்திலிருப்பவர் பெயரைக் கேட்கும் கட்டத்தில் எதையும் நிரப்பாமல் விட்டால் தள்ளுபடி என்றால், அயல்நாட்டுத் தொழிலாளியின் படத்தை அங்கே அனுப்ப வேண்டாம். ஐஸ் உடைக்கும் படத்தை அனுப்புங்கள்.